கலியபெருமாள் வம்சத்து ஐந்து ஊர்கள்

சார்,

இந்தச் சொல் உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். "இங்கே சார் யாரும் இல்லை, எனக்கு ஒரு பெயர் இருக்கிறது" என்று ஏழு வருஷம் சொல்லிப் பார்த்தீர்கள். நானும் ஏழு வருஷம் "சரி சார்" என்றேன். இனிமேல் மாற்றிக்கொண்டு என்ன ஆகப்போகிறது?

போன செவ்வாய்க்கிழமை ரிசப்ஷனிலிருந்து கூப்பிட்டார்கள், எனக்கு ஏதோ குழாய் வந்திருக்கிறது என்று. பைப் ஃபிட்டிங் சாம்பிள் என்று நினைத்து, "ஸ்டோருக்கு அனுப்புங்க, என் தலையில ஏன் கட்டுறீங்க" என்று எரிந்து விழுந்தேன். பார்த்தால் அட்டைக் குழாய். மேலே அயர்லாந்துத் தபால்தலை. மூடியைத் திருகியதும் கிராம்பு மிட்டாய் வாசனை குப்பென்று வந்தது. கத்தாரில், ராஸ் லஃபானில் உங்கள் கேபினுக்குள் நுழைந்தாலே அந்த வாசனைதான். யாரும் கேட்காமலே எல்லோர் கையிலும் ஒன்று திணிப்பீர்கள். உறைப்பும் இனிப்புமான அந்தச் சனியனை வாயில் போட்டுக்கொண்டு துப்பவும் முடியாமல் நான் பட்ட பாடு கொஞ்சமா?

உள்ளே உங்கள் மகள் கையால் எழுதிய ஒரு சீட்டு. பனிக்காலம் முடிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள் என்றும், வலி கடைசி இரண்டு வாரம்தான் என்றும், இந்த வரைபடத்தை என்னிடம் சேர்க்கச் சொல்லியிருந்தீர்கள் என்றும் எழுதியிருந்தாள். நின்றுகொண்டேதான் படித்தேன். பக்கத்தில் இருந்த பிலிப்பினோ பெண், "மிஸ்டர் கலியபெருமாள், ஆர் யூ ஓகே?" என்றாள்.

கலியபெருமாள் என் அப்பா. ஆண்டிமடத்தில் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் வேலை பார்த்தவர். ஊரில் அவரைவிடச் சின்னவர்கள் யாரும் அவர் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. இங்கேயோ பாஸ்போர்ட்டில் என் பெயர் ஞானசேகரன் ஒரு கட்டத்தில், அவர் பெயர் இன்னொரு கட்டத்தில். இரண்டாவது கட்டத்தில் இருப்பதுதான் மரியாதையாகக் கூப்பிடும் பெயர் என்று இந்த ஆபீஸ் முடிவு செய்துவிட்டது. "மிஸ்டர் கலியபெருமாள், பிரின்டரில் பேப்பர் இல்லை" என்று வராந்தாவில் யாராவது கத்தும்போதெல்லாம் அவர் எங்கிருந்தோ முறைப்பதுபோல இருக்கும்.

வரைபடத்தை மேஜையில் விரித்து, நான்கு மூலையிலும் ஃபைல்களை வைத்தேன். அதே அயர்லாந்து, அதே பச்சைப் புள்ளிகள். மற்ற மேனேஜர்கள் கேபினில் பிள்ளைகள் படம் மாட்டியிருப்பார்கள், நீங்கள் இதை மாட்டியிருந்தீர்கள். நான் டாக்குமென்ட் கன்ட்ரோலராக வந்த முதல் வாரம், சேஃப்டி ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்க வந்தவனை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பாடம் நடத்தினீர்கள். ஒரு புள்ளி என்றால் ஒரு ஓ'டிரிஸ்கால் வீடு, உங்கள் வம்சப் பெயர் உள்ள ஒரு வீடு. பழைய நிலவரி ஏடுகளையும் டெலிபோன் டைரக்டரிகளையும் வைத்துக்கொண்டு இருபது வருஷமாக நீங்களே வைத்த புள்ளிகள். தென்மேற்கு மூலையில், கார்க் மாவட்டத்துக் கடலோரத்தில், பால்டிமோர் துறைமுகத்தைச் சுற்றியும் எதிரே இருக்கும் தீவுகளிலும் எறும்பு மொய்த்த மாதிரி பச்சை. வடக்கே போகப் போகக் குறைந்து, தலைமாட்டில் ஒன்றிரண்டு.

"ஒரு காலத்தில் இந்தக் கடற்கரை முழுக்க எங்களுடையது" என்று விரலை ஓட்டினீர்கள். "வெளிநாட்டு மீன்பிடிப் படகுகள் எங்களுக்கு வரி கட்டித்தான் வலை போட்டன. பிறகு பெரிய வம்சங்கள் நெருக்கி நெருக்கி இந்த மூலைக்குத் தள்ளிவிட்டார்கள். பிறகு பஞ்சம். கப்பல்." ஓ என்றால் பேரன் என்று அர்த்தமாம். ஆங்கிலேயர் காலத்தில் பயந்து அந்த ஓ-வை விட்டவர்கள் வெறும் டிரிஸ்கால் ஆனார்களாம். அவர்கள் வேல்ஸ் துறைமுகங்களிலும் பாஸ்டனிலும் போய்ச் சேர்ந்தார்களாம். மிச்சப் பெயருக்கு அர்த்தம் கேட்டேன். இரண்டு பேருக்கு நடுவே செய்தி கொண்டு போகிறவன் என்றீர்கள். "ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் தூது போயிருக்கிறான். அதனால்தான் நான் சேஃப்டிக்கு வந்தேன்போல. கெட்ட செய்தியை ஈமெயிலில் சொல்லக்கூடாது. நேரில் போய்ச் சொல்ல வேண்டும்." அப்படித்தான் செய்தீர்கள். யாருக்கு அடிபட்டாலும் நீங்களே கேம்ப் வரை போய், சொந்தக்காரனைத் தேடிப் பிடித்து, தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொல்வீர்கள்.

அன்றைக்கே வரைபடத்தைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு என்னைக் கேன்டீனுக்கு அழைத்துப் போனீர்கள், அங்கே என் முறை வந்தது. "உன் வம்சம் எங்கே பரவியிருக்கிறது?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அது அப்பா பெயர், என் மகன் பெயருக்குப் பின்னால் என் பெயர் வரும், கலியபெருமாள் என்னோடு சரி என்று. மூன்று வாக்கியம். ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது சார். ஆயிரம் வருஷத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் மனிதர் முன்னால், என் பெயர் ஒரு தலைமுறையோடு தீர்ந்துவிடும் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அதோடு கொஞ்சம் குசும்பும் சேர்ந்துகொண்டது. வரைபடத்தைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் தமிழ்நாட்டைப் பென்சிலால் வரைந்தேன். "கலியபெருமாள் வம்சம் ஐந்து ஊரில் இருக்கிறது சார். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம், உடையார்பாளையம், செந்துறை, மீன்சுருட்டி. இந்தப் பெயர் உள்ள எல்லோரும் ஒரே ரத்தம்." பேச்சு வேகத்தில் ஒரு குறுநில மன்னனையும் இழுத்துவிட்டேன். நீங்கள் சட்டைப்பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்து, ஒவ்வொரு ஊராக என்னிடம் கேட்டுக் கேட்டுப் புள்ளி வைத்தீர்கள். அன்று ரூமுக்குப் போய்க் கூட இருந்தவர்களிடம் சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரித்தோம். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஐந்து வருஷம் கழித்து ஒரு திங்கட்கிழமை, பாஸ்போர்ட் புதுப்பிக்கத் தோஹா போயிருந்தேன். அன்று உங்கள் சைட்டில் ராஜேந்திரன் விழுந்தான். சாரம் கட்டும் ஸ்கேஃபோல்டிங் வேலைக்கு முந்தின நாள்தான் வேறு கேம்ப்பிலிருந்து அனுப்பப்பட்டவன், கீரமங்கலத்துக்காரன். கூட வேலை செய்தவர்கள் எல்லாம் நேபாளிகள், ஒருவருக்கும் அவனைத் தெரியாது. நினைவு இருந்தது அவனுக்கு. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, "மேரா பாய் கோ புலாவோ, மேரா பாய்" என்று திரும்பத் திரும்பச் சொன்னானாம். தம்பியைக் கூப்பிடச் சொல்கிறான் என்று ஃபோர்மேன் உங்களுக்கு விளக்கினார்.

நீங்கள் கம்பெனி ஆட்களின் லிஸ்டைத் திறந்தீர்கள். ராஜேந்திரன், சர்நேம் மாரிமுத்து, மாவட்டம் புதுக்கோட்டை. கீழே தேடினீர்கள். பாண்டியன், சர்நேம் மாரிமுத்து, மாவட்டம் புதுக்கோட்டை. ஒரே பெயர், ஒரே மண், ஒரே ரத்தம். வேறென்ன வேண்டும்? வண்டியை எடுத்துக்கொண்டு நீங்களே பாண்டியன் வேலை செய்த இடத்துக்குப் போய், தொப்பியைக் கழற்றி, தோளில் கை வைத்து, அவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினீர்கள்.

பாண்டியன் பிறகு என்னிடம் சொன்னார். நாற்பது தாண்டிய மனிதர், ஆலங்குடி. "அவரு இங்கிலீசுல ஏதேதோ சொன்னாருண்ணே. ஆஸ்பத்திரி, பிரதர்னு ரெண்டு வார்த்ததான் புரிஞ்சுச்சு. யாரோ நம்ம பயலுக்கு அடி, ரத்தம் குடுக்கக் கூட்டிட்டுப் போறாருன்னு நெனச்சேன். நல்ல காரியந்தானேன்னு கார்லயே சட்டக் கைய மடிச்சு விட்டுக்கிட்டேன். அவரு என்னப் பாத்துக் கண்ணு கலங்குனாரு. இம்புட்டு நல்ல மனுசனான்னு எனக்கும் கலங்கிருச்சு."

கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். ராஜேந்திரன் கண்ணைத் திறந்து பார்த்தான்.

"நீங்க யாருண்ணே?"

"நான் பாண்டியன்ப்பா, ஆலங்குடி. ரத்தம் குடுக்க வந்தேன்."

"செல்வத்த வரச் சொல்லுங்கண்ணே. என் தம்பி செல்வத்த."

ஒரு மலையாளி நர்ஸ்தான் உங்களுக்கு எடுத்துச் சொன்னார். நீங்கள் மறுபடியும் லிஸ்டைத் திறந்தீர்கள். செல்வத்தின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே இல்லை. ஏஜென்ட் எடுத்துக் கொடுத்தது, ஒற்றைப் பெயர். சர்நேம் கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்று கம்ப்யூட்டர் அவனை செல்வம் செல்வம் ஆக்கி வைத்திருந்தது. கூடப் பிறந்தவன் மாரிமுத்து இல்லை, யாரோ ஒருவர் மாரிமுத்து. செல்வம் தோஹாவுக்கு அந்தப் பக்கம், பாலைவனத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்தான். கண்டுபிடித்து, வண்டி ஏற்பாடு செய்து, ஊரைக் கடந்து கொண்டுவந்து சேர்ப்பதற்குள், துணி மூடி இருபது நிமிஷம் ஆகியிருந்தது. பாண்டியனுக்காகப் போய் வந்தது மட்டும் முக்கால் மணி நேரம். இந்தக் கணக்கை உங்களுக்கு யாரும் போட்டுக் காட்ட வேண்டியிருக்கவில்லை. கடைசிவரை பாண்டியன்தான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "தம்பி வந்துகிட்டே இருக்கான், வந்துகிட்டே இருக்கான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்ணே. வேற என்னத்தச் சொல்ல?"

சாயங்காலம் நான் திரும்பியபோது நீங்கள் கேபினில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள். "லிஸ்டைக் கேட்டேன். அவனைக் கேட்கவில்லை" என்றீர்கள். பிறகு, "ஒரே பெயர், ஒரே மாவட்டம். எப்படிச் சொந்தம் இல்லாமல் போகும்?" என்று என்னைப் பார்த்தீர்கள்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உங்களுக்குத் தெரியும், கேட்டவரே நீங்கள்தான். "சில பேருக்கு அது அப்பா பெயர் சார்." சில பேருக்கு! அந்தச் 'சில பேர்' என்ற சொல்லுக்குப் பின்னால் என்னையும் ஐந்து ஊரையும் ஒளித்து வைத்தேன். த்தூ, என்ன பிழைப்பு.

பிறகு அந்த ரிஜிஸ்டர். கம்பெனி கேட்கவில்லை, நீங்களாக ஆரம்பித்தீர்கள். வெள்ளிக்கிழமை தோறும் கேம்ப் கேம்ப்பாகப் போனோம். நீங்கள் கேள்வி, நான் தமிழ். உனக்கு ஏதாவது ஆனால் முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்? அவன் இப்போது எந்த சைட்டில் இருக்கிறான்? முதல் நாள் ஒருவன் பல் விளக்கிக்கொண்டே கேட்டான்: "என்னண்ணே, நாங்க சாவப்போறோம்னு வெள்ளக்காரன் முடிவே பண்ணிட்டானா?" எல்லோரும் சிரித்தார்கள். உங்களுக்கு மொழிபெயர்த்தேன். நீங்கள் சிரிக்கவில்லை, அவன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டீர்கள்.

எட்டாவது ஆளோ ஒன்பதாவது ஆளோ, சர்நேமைப் பற்றி நீங்கள் கேட்டபோது, "அப்பா பேரு சார், ஃபாதர் நேம்" என்று அவனே ஆங்கிலத்தில் சொன்னான். அடுத்தவனும் ஃபாதர் நேம். அதற்கு அடுத்தவனும். நீங்கள் பேனாவை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். நிமிர்ந்தபோது அடுத்தவன் பெயரை எழுதிக்கொண்டிருந்தீர்கள்.

எல்லோரும் முடிந்த பிறகு என்னைக் கேட்டீர்கள். ஊரில் மனைவி என்றேன். "இங்கே?" என்றீர்கள். இங்கே யாரும் இல்லை என்றேன். அந்தக் கட்டத்தில் உங்கள் பெயரை எழுதினீர்கள். அதற்கு அடுத்த வருஷம் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனீர்கள். வாசலில் என் கையில் ஒரு பிடி கிராம்பு மிட்டாயைத் திணித்தீர்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வரைபடத்தைத் திருப்பிப் பார்க்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. கோடுகள் அப்படியே இருந்தன, நான் கோணல்மாணலாக வரைந்த தமிழ்நாடு. ஆனால் நிறையப் புள்ளிகள் புதிதாக இருந்தன. கீரமங்கலம், ஆலங்குடி, பெரம்பலூர், பரமக்குடி. ரிஜிஸ்டரில் இருந்த ஒவ்வொரு ஆளும் அவனவன் ஊரில் இருந்தான். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று சொந்தம் உள்ளவர்களை மெல்லிய கோட்டால் இணைத்திருந்தீர்கள். கீரமங்கலத்தில் ராஜேந்திரனும் செல்வமும் சிவப்புக் கோட்டில். ஆலங்குடியில் பாண்டியன் தனியாக, கோடு எதுவும் இல்லாமல்.

என் ஐந்து ஊர்களைத் தேடினேன். நான்கு ஊரில் பச்சை மசியை பிளேடால் சுரண்டியிருக்கிறீர்கள். வெளிச்சத்தில் பிடித்தால் காகிதம் அந்த நான்கு இடத்திலும் மெலிந்து தெரிகிறது. ஆண்டிமடத்தில் மட்டும் ஒரு புள்ளியை விட்டிருந்தீர்கள். பக்கத்தில் உங்கள் சின்ன எழுத்தில்: 'கலியபெருமாள். ஒரே ஒருவர். இவனுடைய அப்பா.' கீழே தேதி. ரிஜிஸ்டர் ஆரம்பித்த முதல் வெள்ளிக்கிழமை.

ஒரு வருஷத்துக்கு மேல் தெரிந்துகொண்டே என்னோடு டீ குடித்திருக்கிறீர்கள். திட்டியிருக்கலாமே சார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு கெட்ட வார்த்தை. அதற்குக்கூட நான் லாயக்கில்லையா?

வேலை ஓடவில்லை. செல்வத்தின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். இப்போது குவைத்தில், ஃபஹாஹீலில் ஏசி ரிப்பேர் கடையில் இருக்கிறான்.

"யாரு, டாக்குமென்ட் சேகர் அண்ணனா? நல்லா இருக்கீகளா?"

நீங்கள் போய்விட்டதைச் சொன்னேன். பிறகு கேன்டீன் கதையைச் சொன்னேன். ஐந்து ஊரையும் சொன்னேன், சிரித்ததையும் சொன்னேன், எதையும் விடவில்லை. அந்தப் பக்கம் ஏதோ மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"அப்ப அவரு ஏன் அப்புடிச் சொன்னாரு?" என்றான்.

"எப்படி?"

"எங்க வீட்டுக்கு வந்தாருல்ல. ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது சார். நீங்கள் வேலையை விட்ட அடுத்த மாதம், அக்கினி வெயிலில், திருச்சியில் இறங்கி டாக்சி பிடித்துக் கீரமங்கலம் போன கதை எனக்குத் தெரியாது. செல்வம் அப்போது லீவில் இருந்திருக்கிறான். "பிளாஸ்டிக் சேரப் போட்டோம். ஒக்காந்தாரு. கலரு வாங்கிக் குடுத்தோம், முதல்ல பேசணும்னு கீழ வச்சுட்டாரு. ஒங்க மகன் தம்பியக் கேட்டப்ப நான் தப்பான ஆளக் கூட்டிட்டுப் போயிட்டேன், அதான் செல்வத்தால பாக்க முடியாமப் போச்சுன்னாரு. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல நாந்தான் அம்மாகிட்ட எடுத்துச் சொன்னேன். அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. 'ஒங்களுக்கு யாருய்யா தப்பாச் சொல்லிக் குடுத்தது?'"

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"யாரும் சொல்லலம்மா, நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்னாரு. அம்மா வாசல்ல எறங்கி ரெண்டு கையாலயும் மண்ண அள்ளித் தூத்துச்சுண்ணே. எம்புள்ளயக் கடைசியா ஒரு மொகம் பாக்க விடாமப் பண்ணிட்டியே, ஒனக்கு நல்ல சாவே வராதுன்னு வஞ்சுச்சு. அத மட்டும் நான் அவருக்கு எடுத்துச் சொல்லல. ஆனா புரிஞ்சிருக்கும். மண்ணு தலையெல்லாம், சட்டையெல்லாம். தட்டிக்கூட விடாம நின்னாரு. அப்புடியே போயி வண்டியில ஏறுனாரு."

செய்தி கொண்டு போகிற வம்சத்தில் பிறந்து, நேரில் போய் உண்மை சொல்வதையே வேலையாக வைத்திருந்த நீங்கள், எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறீர்கள்.

"அம்மா இன்னமும் அவரத்தான் வஞ்சுகிட்டு இருக்கு" என்றான் செல்வம். "ஆடி வந்தா, தீவாளி வந்தா, அண்ணன் படத்துக்கு முன்னால நின்னு அந்த வெள்ளக்காரனுக்குத்தான் சாபம்."

"நீ சொல்லிடு செல்வம். அவர் மேல தப்பு இல்லன்னு சொல்லிடு."

 மறுபடியும் மோட்டார் ஓட ஆரம்பித்தது.

"நான் சொல்ல மாட்டேண்ணே. அவரு கடல் தாண்டி வந்து சொன்னாரு. நீங்க போயிச் சொல்லுங்க." வைத்துவிட்டான்.

லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் திருச்சி விமானம். ரிஜிஸ்டரை இப்போதும் நான்தான் எழுதுகிறேன், புது ஆட்கள் வந்தால் வெள்ளிக்கிழமை போய்க் கேட்கிறேன், அதை இங்கே யாரும் திறந்து பார்ப்பதில்லை. என் கட்டத்தில் உங்கள் பெயரை இன்னும் அடிக்கவில்லை. வேறு யாரை எழுதுவது?

கீரமங்கலத்தில் முதலில் என்ன சொல்வது என்று நான்கு நாளாக ஒத்திகை பார்க்கிறேன். என் பெயர், என் அப்பா பெயர், பிறகு அந்தக் கேன்டீன். அதற்கு மேல் ஓடவில்லை. வழியில் திரும்பிவிடக்கூடாது என்று வரைபடத்தையும் எடுத்துப் போகிறேன். அந்த அம்மா வாசலில் இறங்கினால் நான் நகரமாட்டேன் சார். அன்றைக்கு நீங்கள் தட்டிவிடாமல் சுமந்து போனது என் மண்.